செயலும் நோக்கமும்: பழைய வீட்டுக் கணனிகளின் மூலநிரல் பற்றிய ஓர் அறவியல் விசாரணை

மனிதர் ஆக்கிய பொருளொன்று எஞ்சியிருக்க, அதனை அவ்வாறு ஆக்கியமைக்கான காரணம் அழிந்துபோகுமாயின், அப்பொருள் முழுமையாக எஞ்சியுள்ளது எனக் கொள்ளலாமா? இவ்வினா மெய்யியலுக்குப் புதியதன்று. ஒரு பொருளை அறிதல் என்பது அது எதனால் ஆனது, எவ்வடிவினது, எதனால் தோன்றியது, எதன்பொருட்டுத் தோன்றியது என்னும் நான்கையும் அறிதலே என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. இந்நான்கனுள் இறுதியாக வைக்கப்பட்ட நோக்கமே எளிதில் மறைந்துபோவது. கல்லையும் உலோகத்தையும் காலங்கடந்து வருவோர் கையாற் தொட்டறியலாம். அவற்றை அமைத்தவரின் எண்ணத்தை அவ்வாறு அறிதல் இயலாது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மேலைநாட்டு வீடுகளிற் புழங்கிய சிறு கணனிகளின் மூலநிரல்களைத் தேடி மீட்கும் முயற்சி, இப்பழைய வினாவைப் புதியதொரு களத்தில் எழுப்பியுள்ளது. அம்முயற்சியினைப் பழம்பொருள் சேர்ப்போரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அதனுள் அறவியல் சார்ந்த சிக்கலொன்று அடங்கியுள்ளது.

மூலநிரல் என்பது யாது என்பதனை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். 1977இல் வெளிவந்த அப்பிள் இரண்டு, 1981இல் வெளிவந்த பிபிசி மைக்ரோ, 1982இல் வெளிவந்த ஸ்பெக்ரம், கொமடோர் 64 ஆகிய கணனிகளுக்கு நிரல் எழுதியோர், விரைவு வேண்டியவிடத்து அசெம்பிளி மொழியைக் கையாண்டனர். அம்மொழியில் நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுபவர் தாம் விரும்பிய பெயரை இடலாம். வரியின் அருகே விளக்கக் குறிப்பும் எழுதலாம். இவ்வாறு எழுதப்பட்டதே மூலநிரல். அது பின்னர் வெறும் எண்களாக மாற்றப்பட்டுக் கணனிக்கு வழங்கப்படும். இம்மாற்றத்தின்போது பெயர்களும் குறிப்புகளும் முற்றாக நீங்கிவிடும். ஏனெனில் கணனிக்கு அவை வேண்டியனவல்ல. எடுத்துக்காட்டாக, அப்பிள் இரண்டில் அமைந்திருந்த 6502 என்னும் நுண்செயலிக்கு 169, 5 என்னும் இரண்டு எண்கள் அடுத்தடுத்துக் கிடைத்தால், ஐந்து என்னும் எண்ணைத் தன்னகத்தே எடுத்துக்கொள் என்பது பொருள். அந்த ஐந்து எதனைக் குறிக்கின்றது? விளையாடுபவருக்கு எஞ்சியுள்ள வாய்ப்புகளின் தொகையா, திரையிலுள்ள ஒரு வரிசையின் இலக்கமா, ஒலியொன்றின் நீளமா? எண்கள் இதற்கு விடை கூறா. எழுதியவர் இட்ட பெயரே விடை கூறும்.

ஆகவே நிரலாளர் ஒரே வேளையில் இரு தரத்தாரை நோக்கிப் பேசுகின்றார் எனலாம். கட்டளைகள் இயந்திரத்தை நோக்கியவை; பெயர்களும் குறிப்புகளும் மனிதரை நோக்கியவை. விற்பனைக்கு வந்த ஒலிநாடாக்களிலும் வட்டுகளிலும் முதலாவது கூற்று மாத்திரமே இடம்பெற்றது. இரண்டாவது கூற்று எழுதியவரின் மேசையிலேயே தங்கிவிட்டது. இன்று பழைய விளையாட்டுகளையும் ஏனைய நிரல்களையும் புதிய கணனிகளில் இயக்கிப் பார்த்தல் எளிது. பழைய கணனியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள் அதற்கென உள்ளன. எனவே இழப்பு ஏதுமில்லை என்று கருதுவோர் உளர். பொருள் இயங்குகின்றது; அது போதாதா என்பது அவர்தம் வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஸ்பெக்ரம் கணனியின் வரலாறு துணைபுரியும். அக்கணனியின் நிலையான நினைவகத்தில் 16 கிலோபைற் அளவான நிரலொன்று பொதிந்திருந்தது. இயன் லோகன், பிராங் ஓஹாரா ஆகிய இருவரும் அதனைக் கட்டளை கட்டளையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பயனையும் விளக்கி 1983இல் நூலாக வெளியிட்டனர். மூலநிரலின் துணையின்றி, எண்களை மட்டும் கொண்டு பொருளை ஊகித்தறிந்த அரிய உழைப்பு அது. ஆயினும் அத்தகைய உழைப்பினாலும் கடக்கவியலாத எல்லை ஒன்றுண்டு. அந்நிரலின் 102ஆம் முகவரியிற் சிறு பகுதியொன்று உள்ளது. வெளியிலிருந்து தடுக்கவியலாத குறுக்கீடொன்று வரும்போது, குறித்த இடத்தில் வைக்கப்பட்ட எண்ணைச் சோதித்து, அது சுழியமல்லாதவிடத்து அவ்வெண் சுட்டும் முகவரிக்குச் செல்லவேண்டும் என்பதே அப்பகுதியின் இயல்பான பயனாக இருந்திருக்கும். ஆனால் அச்சோதனை தலைகீழாக அமைந்துள்ளது. எண் சுழியமாக இருக்கும்போது மட்டுமே கணனி அங்கு செல்கின்றது. அதாவது, முதலிலிருந்து மீண்டும் தொடங்குகின்றது. ஏனைய வேளைகளில் எதுவும் நிகழ்வதில்லை. இது கைதவறி நேர்ந்த பிழையாக இருக்கலாம். அவ்வசதியைப் பிறர் பயன்படுத்தாவண்ணம் வேண்டுமென்றே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். கட்டளை ஒன்றே, நிகழ்வும் ஒன்றே. பிழைக்கும் திட்டத்திற்கும் இடையிலான வேறுபாடு இயந்திரத்தில் இல்லை. அது எழுதியவரின் கருத்தில் உள்ளது.

அறவியலில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஒருவரின் செயலை மதிப்பிடுவோர், அவர் அறிந்து செய்தாரா அறியாது செய்தாரா என்பதனை முதலில் வினவுவர். தவறும் வஞ்சனையும் விளைவால் ஒன்றாகத் தோன்றினும் ஒன்றாக எடைபோடப்படுவதில்லை. செயலின் விளைவை மட்டும் பேணி, கருத்துக்கான சான்றைக் கைவிடும் தலைமுறை, தன் முன்னோரை நேர்மையாக மதிப்பிடும் வாய்ப்பையும் கைவிடுகின்றது. புகழ்வதாயினும் இகழ்வதாயினும் அது ஊகத்தின்பாற்பட்டதாகவே அமையும்.

மூலநிரல் கிடைத்துவிடின் எல்லா ஐயங்களும் நீங்கிவிடும் எனவும் கொள்ளலாகாது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவராயிருந்த டேவிட் பிறேபன், இயன் பெல் ஆகிய இருவரும் இயற்றிய எலீற் என்னும் விளையாட்டு 1984இல் பிபிசி மைக்ரோ கணனிக்கென வெளிவந்தது. அக்கணனியின் நினைவகம் 32 கிலோபைற் மட்டுமே. அவ்வளவினுள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களைக் கொண்ட எட்டு விண்மீன் மண்டலங்களை அவர்கள் அடக்கினர். அவ்வுலகங்கள் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. சில எண்களை விதையாகக் கொண்டு வேண்டியபோது கணித்துப் பெறப்பட்டன. இதன் மூலநிரலை இயன் பெல் பின்னாளில் இணையத்தில் வெளியிட்டார். அதிலுள்ள பெயர்கள் மிகக் குறுகியவை. குறிப்புகளும் மிகச் சிலவே. பின்னர் மார்க் மொக்சன் என்பவர் அந்நிரல் முழுமைக்கும் விரிவான விளக்கம் எழுதினார். இங்கு மூலமும் உரையும் என்னும் பழைய உறவே மீண்டும் தோன்றுவதைக் காணலாம். சுருங்கிய மூலத்திற்கு உரை வேண்டும். ஆயின் மூலமே இல்லாதவிடத்து உரையாசிரியர் தம் கருத்தை ஆசிரியர் கருத்தாக ஏற்றிக்கூறும் இடர் பெரிதாகின்றது. மூலம் உரையாசிரியருக்குத் துணையாவதுடன் அவரைக் கட்டுப்படுத்தும் வேலியாகவும் அமைகின்றது.

இத்தகைய மூலங்கள் எவ்வாறு எஞ்சின என்பதனை நோக்குமிடத்து வியப்பும் கவலையும் ஒருங்கே தோன்றும். ஜோர்டான் மெக்னர் அப்பிள் இரண்டு கணனிக்கென எழுதிய பிறின்ஸ் ஒஃப் பேர்சியா என்னும் விளையாட்டு 1989இல் வெளிவந்தது. தம்பியை ஓடவும் குதிக்கவும் செய்து படம்பிடித்து, அப்படத்தைக் கொண்டு அவர் தம் கதைத்தலைவனின் அசைவுகளை வரைந்தார். புதியதோர் எதிரியின் உருவத்தைச் சேர்க்க நினைவகத்தில் இடமில்லாதபோது, தலைவனின் உருவத்தையே வேறுவகையில் திரையில் தோற்றுவித்து நிழல் மனிதனைப் படைத்தார். வறுமை கற்பனைக்கு வழிவிட்ட இடம் அது. உலகெங்கும் பரவிய இவ்விளையாட்டின் மூலநிரலைப் பின்னர் அவர் தேடியபோது அது கிடைக்கவில்லை. 2012இல் அவருடைய தந்தையார் வீட்டு அலமாரியொன்றின் பின்புறத்திலிருந்து பழைய பெட்டியொன்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதனுள் மூலநிரல் அடங்கிய மூன்றரை அங்குல வட்டுகள் இருந்தன. இருபத்துமூன்று ஆண்டுகள் கடந்த வட்டுகளின் காந்தப் பதிவு நிலைத்திருக்குமா என்பது உறுதியற்றதாயிருந்தது. ஜேசன் ஸ்கொட், டோனி டயஸ் ஆகியோரின் துணையுடன் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அவை வாசிக்கப்பட்டன. நிரலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

காந்த வட்டில் எழுதியது காலப்போக்கில் மங்கும். அதனை வாசிக்கும் கருவியும் அருகிப்போகும். பழைய தாள் சிலவேளை அதனினும் உறுதியாக நிற்கின்றது. பில் கேற்ஸும் அவருடைய தோழரும் 1975இல் அல்ரெயர் கணனிக்கென எழுதிய பேசிக் மொழியின் மூலநிரலை, கேற்ஸ் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்டார். அது தாளில் அச்சிடப்பட்ட 157 பக்கங்களின் படமாகவே வெளிவந்தது.

இங்கு உரிமை பற்றிய வினா எழுகின்றது. இதே கேற்ஸ்தான் 1976இல் கணனி ஆர்வலர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதமொன்றில், தமது பேசிக்கை விலைகொடாது படியெடுப்போரைக் கடிந்துரைத்தார். உழைத்தவருக்கு ஊதியம் வேண்டும் என்னும் அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. அவ்வாறாயின் 2025இல் அவர் செய்தது முன்னைய நிலைப்பாட்டுக்கு முரணானதா? முரணன்று. பயன்படும் காலத்தில் ஆக்கத்தினால் வருவாய் பெறும் உரிமை வேறு. பயன் ஒழிந்த பின்னர் அதனை அழியவிடும் உரிமை வேறு. முன்னையதை ஏற்பவர் பின்னையதையும் ஏற்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. சட்டம் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிப்பதில்லை. பிரித்தானியாவில் ஆசிரியரொருவரின் பதிப்புரிமை அவர் மறைந்தபின் 70 ஆண்டுகள் நீடிக்கின்றது. காந்த வட்டோ அத்துணைக் காலம் நிலைக்கும் என எதிர்பார்த்தற்குரியதன்று. எனவே சட்டம் வழிவிடும் நாள்வரை காத்திருப்போர் கையில் உரிமையற்ற வெற்று வட்டே எஞ்சக்கூடும்.

இதற்கு எதிராக வலுவானதொரு மறுப்பும் உண்டு. மூலநிரல் வெளியீட்டுக்கென எழுதப்பட்டதன்று. அதில் எழுதியவரின் தடுமாற்றங்களும் நகைச்சொற்களும் முற்றுப்பெறாத முயற்சிகளும் இருத்தல் கூடும். தாம் காட்ட விரும்பிய முகத்தையே அவர் உலகுக்குக் காட்டினார். மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கப் பிறருக்கு என்ன உரிமை? இம்மறுப்பினைப் புறக்கணித்தல் முறையன்று. அறிவின் பெயரால் ஒருவரின் அந்தரங்கத்தை மீறுதலும் ஒருவகை வன்முறையே.

எனினும் இம்மறுப்பு வெளியிடுதலைத் தடுக்குமேயன்றிப் பாதுகாத்தலைத் தடுக்காது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே மயக்கம் நேர்கின்றது. வெளியிடுதலுக்கு உரியவரின் இசைவு வேண்டும். பாதுகாத்தலோ பின்வருவோர் அவ்விசைவைக் கோரும் வாய்ப்பையும், உரியவர் அதனை வழங்கவோ மறுக்கவோ கூடிய நிலையையும் நிலைநிறுத்துகின்றது. அழிந்த பொருளுக்கு எவரும் இசைவு வழங்கவியலாது. 1986இல் சின்கிளயர் நிறுவனத்தின் கணனி வணிகத்தை வாங்கிய அம்ஸ்ராட் நிறுவனம், 1999இல் ஸ்பெக்ரம் நிலைநினைவக நிரலைப் பிறர் பகிர்ந்துகொள்ள இடமளித்தது. பதிப்புரிமையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அமெரிக்காவிலுள்ள கணனி வரலாற்று அருங்காட்சியகம், உரிமையாளரான நிறுவனத்தின் இசைவுடன், பில் அற்கின்சன் எழுதிய மக்பெயின்ற் நிரலின் மூலத்தை 2010இலும் அப்பிள் இரண்டின் வட்டு இயக்க நிரலின் மூலத்தை 2013இலும் வெளியிட்டது. உரிமையும் பேணலும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

ஆகவே பழைய மூலநிரலைத் தம் வசம் வைத்திருப்போரின் நிலை, வீட்டின் உரிமையாளரின் நிலையினும் பிறர் பொருளைப் பொறுப்பேற்றவரின் நிலையையே பெரிதும் ஒத்தது. காட்டாதிருத்தல் அவருடைய உரிமைக்குட்பட்டது. அலட்சியத்தினால் அழியவிடுதல் அவ்வாறன்று. அதனைத் தண்டிக்கும் சட்டம் இல்லாதிருக்கலாம். ஆயினும் மனிதரை நோக்கிச் சொல்லப்பட்ட சொல்லை, அது அவரைச் சென்றடையுமுன்னரே அழித்த குறை அதில் உண்டு.

மெக்னரின் வட்டுகள் எஞ்சியமைக்கு எவருடைய கடமையுணர்வும் காரணமன்று. அப்பெட்டி எவரும் எறிந்துவிடாத ஓரிடத்தில் இருந்தது. அதனைத் திறந்துபார்க்கும் பொறுமையுள்ள தந்தையொருவரும் இருந்தார். மகிழ்ச்சிக்குரிய நிகழ்வாயினும் அதனை அறத்தின் வெற்றி எனக் கூறவியலாது. அவ்வாறு திறக்கப்படாத பெட்டிகளும், வெறுமையான வட்டுகளும் எத்தனையோ இருத்தல் கூடும். தற்செயலாகக் கிடைத்ததனைக் கொண்டாடுவோர், தற்செயலை நம்பியிருக்கும் நிலையை மாற்றுதற்குரிய கடப்பாட்டையும் உடன் ஏற்றுக்கொள்கின்றனர்.