நம்ம வாகு அப்படித்தான்

"எங்க குடும்பமே குள்ளம்தான் டீச்சர், நம்ம வாகு அப்படி." எளாவூர்ப் பக்கம் அங்கன்வாடியில் உயரம் அளக்கும் நாட்களில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இதே வாக்கியம் ஒரு காலத்தில் பொருளாதாரக் கோட்பாடாகவும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 'குட்டை, ஆனால் ஆரோக்கியம்' என்றார். மிதமான ஊட்டக்குறைவு என்று நாம் கணக்கெழுதும் பெரும்பாலோர் நோயாளிகள் அல்ல, கிடைத்த சாப்பாட்டுக்கு ஏற்ப உடம்பைச் சிறுத்துக்கொண்டவர்கள் என்பது அவர் வாதம். குறைந்த கலோரிக்கு உடல் பழகிக்கொள்ளும் என்ற புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மேயும் இதற்குப் பக்கத்தில்தான் நின்றார்.

எதிர்த்து எழுதியவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த ஆய்வகத்தின் இயக்குநர். 1974இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். உலகமே புரதப் பற்றாக்குறை என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் பிள்ளைகளுக்குக் குறைவது புரதம் அல்ல, வயிறாரச் சாப்பாடே என்று காட்டியவர். (புரத மாவு விற்பவர்களுக்கு இது இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.) நூறு வயது கண்டு 2019இல் இறந்தார்.

1983இல் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. குட்டையாக இருப்பது நல்லதென்றால், அது ஏழைக்கு மட்டும் ஏன்? குட்டையான தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் கதை மறுபடி தொடங்கும். உடம்பை வைத்தே பிழைப்பவனுக்குச் சிறுத்த உடம்பு கூலியிலும் இடிக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரியில் லோடு ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. மேசை வேலைக்காரர் குட்டையாக இருப்பதும் இவர் குட்டையாக இருப்பதும் ஒன்றா என்ன?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஒரு அளவுகோலை நீட்டி ஊரையே நோயாளி என்பது அவமானம்தான். அந்த அம்மா 'நம்ம வாகு' என்கிறபோது அதில் இருப்பது சுயமரியாதை: எம்புள்ளைய நான் பட்டினி போடலை என்கிறாள். ஆனால் அதே சொல்லைத் திட்டம் போடுகிறவர் சொன்னால் அது சிக்கனம். கோட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டால், ஒரு பிடி அரிசி செலவில்லாமல் லட்சக்கணக்கான பேர் பட்டியலிலிருந்து மறைந்துபோவார்கள். யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு வாக்கியத்தின் அறமே மாறிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2006இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சி அளவீட்டை வெளியிட்டது. அதற்காக ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்திருந்தார்கள். தெற்கு டெல்லிப் பிள்ளைகளும் ஆஸ்லோ பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் வளர்ந்தார்கள். மதிய உணவுக்குப் பேர்போன நம் மாநிலத்திலேயே, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த அளவுகோல் இந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்தாது, இவர்களின் மரபணு வேறு என்று 2013இல் எழுதினார் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா. 2015இல் அவர் நிதி ஆயோக்கின் முதல் துணைத் தலைவரானார்.