வித்தையும் விவேகமும்

மகன் வைத்தியனாகப் போகிறேன் என்றால் பெற்றோர் பூரித்துப் போவர். ஆசிரியனாகப் போகிறேன் என்றால் ஆசீர்வதிப்பர். சர்க்கஸ்காரனாகப் போகிறேன் என்றால்? "உனக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்பதே அநேகமாக அவர்களுடைய முதற் கேள்வியாக இருக்கும்.

இக்கேள்வியினுள் இரண்டு எண்ணங்கள் அடங்கியுள்ளன. அது மதிப்பற்ற தொழில் என்பது ஒன்று. அது உயிருக்கு ஆபத்தான தொழில் என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் தவறானது. இரண்டாவது உண்மையானது, ஆகையால் தீர ஆராயப்பட வேண்டியது. பிறர் கைதட்டி மகிழ்வதற்காக ஒருவர் தம் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவது முறையாகுமா?

மதிப்பற்ற தொழிலா?

கழைக்கூத்தாடியை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு, அவன் வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்கும் சமுதாயம் நம்முடையது. ஆனால் 1815இல் இத்தாலியில் பிறந்த புனித தொன் பொஸ்கோ, சிறுவனாக இருந்தபோது சந்தைகளில் வித்தை காட்டுவோரைக் கூர்ந்து கவனித்து, வீட்டுக்கு வந்து விழுந்தெழும்பிப் பழகியவர். இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்தார். பார்க்கக் கூடிய அயலவரை முதலில் செபமாலை சொல்ல வைத்து, அதன் பின்னரே வித்தை காட்டினார். தாய் மார்கரீத்தாவுக்கும் இது தெரிந்தே நடந்தது.

இந்தியாவில் சர்க்கஸ் கலையின் தாய்வீடு என்று கேரளத்தின் தலைச்சேரியைச் சொல்வார்கள். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற தேகாப்பியாச ஆசிரியர் 1901இல் அங்கே ஒரு பயிற்சிக் கூடத்தை அமைத்தார். களரியும் கசரத்தும் கற்பித்த அவரிடம் பயின்றவர்கள் நாடெங்கும் கூடாரங்களை நிறைத்தனர். ஒழுங்கும் உழைப்பும் இன்றி இக்கலையில் ஒருவர் ஒரு நாளும் நிற்க முடியாது.

முதற் பாடம் விழுவது

ட்ரபீஸ் எனப்படும் பறக்கும் ஊஞ்சலைக் கற்க வருபவர், பறப்பதற்கு முன்பு வலையில் விழப் பழக வேண்டும். காலூன்றி விழுந்தால் கணுக்கால் முறியலாம்; முகங்குப்புற விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. எனவே முதுகு படும்படி விழுவதையே திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். விழவே மாட்டேன் என்று எண்ணுபவருக்கு அங்கே இடமில்லை. தன் பலவீனத்தை அறிந்து அதற்கு முன்கூட்டியே வழி செய்பவரே துணிந்தவர். வலையை ஏளனம் செய்பவர் துணிந்தவரல்லர்.

பிடிக்கும் கைகள்

ஒல்லாந்து நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் எழுத்தாளருமான ஹென்றி நௌவன் அடிகளார், 1991இல் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் ஒரு சர்க்கஸைப் பார்க்கச் சென்றார். அங்கே தென்னாபிரிக்காவிலிருந்து வந்த 'பறக்கும் ரொட்லிகள்' என்ற குழுவினரின் ஊஞ்சல் வித்தையில் மனதைப் பறிகொடுத்து, அவர்களோடு நட்புக் கொண்டார். குழுத் தலைவர் ரொட்லி அவருக்கு ஓர் இரகசியத்தைச் சொன்னார். அந்தரத்தில் பறந்து வருபவர், எதிரே தலைகீழாகத் தொங்கும் துணைவரை எட்டிப் பிடிக்க முயலவே கூடாது. கைகளை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிடிக்க வேண்டியவர் பிடிப்பார். இருவருமே பிடிக்க முயன்றால் மணிக்கட்டு முறியக்கூடும்.

கைதட்டல் பறப்பவருக்கே கிடைக்கிறது. பிடிப்பவரின் பெயரைக் கேட்பார் இல்லை. ஆயினும் உயிர் அவருடைய கைகளில்தான் இருக்கிறது. ஆகவே இத்தொழிலில் உண்மை பேசுவது வெறும் நற்பண்பு மட்டுமல்ல, அது பிறர் உயிர் காக்கும் கடமை. தோளில் நோவிருந்தும் சம்பளத்துக்காக அதை மறைப்பவர், குடித்துவிட்டு ஏணியில் ஏறுபவர், துணைவரோடு பகைமை பாராட்டிக்கொண்டு மேலே செல்பவர் ஆகியோர் தம் உயிரோடு மாத்திரம் விளையாடவில்லை.

கருவிகளைப் பொறுத்தவரையும் இதுவே நியதி. உலகப் புகழ் பெற்ற லில்லியன் லைட்செல் 1931இல் கொப்பன்ஹேகனில் உயரத்தில் சுழன்றுகொண்டிருந்தபோது, உலோகச் சுழல்பூட்டு ஒன்று முறிந்தது. கீழே விழுந்த அவர் இரண்டு நாட்களில் மரணமானார். கயிற்றையும் கொக்கியையும் பரிசோதிக்கும் தொழிலாளியும், கலைஞருக்குச் சமமான பொறுப்புடையவரே.

துணிவும் அசட்டுத் துணிவும்

வலையின்றிக் கம்பியில் நடப்பதில் கார்ல் வலெண்டாவும் குடும்பத்தினரும் பெயர் பெற்றவர்கள். கம்பியின்மேல் ஏழு பேர் மூன்றடுக்காக நிற்பது அவர்களுடைய தலைசிறந்த வித்தை. 1962 ஜனவரியில் அமெரிக்காவின் டெற்றோயிட் நகரில், முன்னால் நின்றவர் தடுமாறினார். அடுக்கு சரிந்தது. இருவர் இறந்தனர், இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. 1978 மார்ச்சில் புவேற்றோ றிக்கோவில், 73 வயதான கார்ல், இரண்டு கட்டடங்களுக்கிடையே ஏறத்தாழ 120 அடி உயரத்தில் கட்டிய கம்பியில், பலத்த காற்றிலும் நடந்தார். விழுந்து இறந்தார்.

"அவருடைய உயிர், அவருடைய விருப்பம்" என்று சிலர் வாதிடலாம். ஆனால் ஒருவரின் தோள்மேல் இன்னொருவர் நிற்கும் தொழிலில், தன் விருப்பம் என்பது தன்னோடு முடிந்துவிடுவதில்லை. தீயணைப்பவரும் கடற்றொழிலாளரும் ஆபத்தை ஏற்கிறார்கள்; ஆனால் ஆபத்தை அவர்கள் விற்பதில்லை. சர்க்கஸ் கலைஞர் விற்க வேண்டியது திறமையையே அன்றி, தாம் சாகக்கூடும் என்ற கிளர்ச்சியை அல்ல. "இன்று காற்று அதிகம், நான் ஏறமாட்டேன்" என்று சொல்லும் உரிமையை எந்த முதலாளியிடமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வலையை அகற்றினால்தான் பார்ப்போம் என்று ஆர்ப்பரிக்கும் கூட்டத்துக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு.

சுதந்திரமாகத் தெரிந்துகொண்டதா?

ஆபத்தை ஏற்பதென்றால் அதன் தன்மையை அறிந்து, மனமுவந்து ஏற்க வேண்டும். பச்சிளம் பிள்ளையால் அது இயலாது. வறுமையில் வாடிய நேபாளக் குடும்பங்களின் சிறுமிகள் பலர் தரகர்களால் இந்தியச் சர்க்கஸ் கூடாரங்களுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகள்போல் நடத்தப்பட்டனர். 2011 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் சிறுவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும்படியும், அங்கிருந்தோரை மீட்கும்படியும் அரசைப் பணித்தது. தாயின் கண்முன்னே பழகிய சிறுவன் பொஸ்கோவுக்கும் இப்பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே: அவன் விரும்பியபோது கயிற்றிலிருந்து இறங்க முடிந்தது.

இறங்கும் நாளையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். உடலை மூலதனமாகக் கொண்ட தொழிலில் முதுமை விரைவாக வந்துவிடும். குஞ்ஞிக்கண்ணனிடம் பயின்று ஊஞ்சலில் ஆடிய எம். வி. சங்கரன், பங்காளி ஒருவருடன் சேர்ந்து சிறியதொரு சர்க்கஸை வாங்கி, 1951இல் ஜெமினி சர்க்கஸாக வளர்த்தார். எல்லோரும் முதலாளியாக முடியாது. ஆனால் சேமிக்கலாம், இன்னொரு கைத்தொழிலைக் கற்கலாம், இளையோரைப் பயிற்றலாம்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தகைய தொழிலை நாடினால், "மானம் போய்விடும்" என்று தடுக்காதீர்கள். விழப் பழகினாயா, உன்னைப் பிடிப்பவர் நம்பத்தக்கவரா, நீ பிறருக்கு நம்பத்தக்கவனா, வேண்டாம் என்று சொல்ல உனக்குத் துணிவுண்டா என்று கேளுங்கள். இந்நான்குக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடிய பிள்ளை எந்த உயரத்திலும் நிற்கத் தகுதியுள்ளது. விடை சொல்ல இயலாத பிள்ளைக்கு அலுவலக நாற்காலிகூட ஆபத்தான இடமே.