காவலுக்குக் கைம்மாறு கையெழுத்தா?

"என்ர மனுசன் நிக்கிறார், எனக்கென்ன பயம்?" இப்படிச் சொல்லாத மனைவியரும், அதைக் கேட்டுப் பூரிக்காத கணவர்களும் யாழ்ப்பாணத்தில் குறைவு.

போரைக் கண்ட மண்ணில் அது வெறும் செல்லப் பேச்சல்ல. இராணுவம் நெருங்கிவர, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் நெரிந்த சனத்துக்குள் எங்கள் அப்பாவும் சைக்கிளை உருட்டினார். கரியரில் அப்பாச்சி, ஹாண்டிலில் அரிசிப் பை, தலைக்கு மேல் மழை. ஷெல் விழுந்தால் பிள்ளைகள் மேல் கவிழ்ந்து படுப்பதென்ற முடிவோடுதான் அவர் நடந்தார். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு இன்றும் கண் கலங்கும். அந்த நன்றி உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

என் கேள்வி வேறு. அந்த நன்றி அப்பா என்ற மனிதருக்கா, கணவன் என்ற பதவிக்கா? மனிதருக்கென்றால் மகிழ்ச்சி. பதவிக்கென்றால் அதை அறிவால் உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

காக்கும் குணம் ஆணுக்கே உரியதென்கிறார்கள். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. படையினர் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் சென்ற 1984இல், அவர்களை விடச் சொல்லி அரச செயலகமான யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஊர்வலம் போனவர்கள் அன்னையர் முன்னணியின் பெண்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் ஆண்களை, முகம் மூடி ஆட்காட்டும் தலையாட்டிக்கு முன் நிறுத்திய காலத்தில், அவர்களை வீட்டுக்குள் இருத்திவிட்டுச் சந்தைக்கும் சங்கக் கடைக்கும் போனவர்களும் பெண்களே. பிடிபட்டவரைத் தேடி அடையாள அட்டையோடு முகாம் வாசலில் வெயிலில் காய்ந்தவர்களும் அவர்களே. 1996 செப்ரெம்பர் 7 அன்று பள்ளி மாணவி கிருசாந்தி வீடு திரும்பவில்லை. மகளைத் தேடிச் செம்மணி இராணுவக் காவலரணுக்குப் போனவர் தாய் இராசம்மா. கூடப் போனவர்கள் மகன் பிரணவனும் அயலவர் ஒருவரும். நால்வரின் உடல்களும் செம்மணி மண்ணுக்குள் இருந்தே எடுக்கப்பட்டன. ஆயுதம் தாங்கியவர்களுக்கு முன்னால் வெறுங்கையோடு போய் நின்ற அந்தத் தாயின் துணிவுக்கு எந்த மீசை வேண்டியிருந்தது?

ஆகவே காப்பது அன்பின் வேலை. ஆபத்து வரும்போது யாரால் முடியுமோ அவர் முன்னே நிற்கிறார். நாம் செய்த பிழை, அந்த அன்பை ஆணின் பெயரில் மட்டும் பதிந்து, பெண்ணின் பெயரில் கடன் எழுதியது.

கடன் என்று உவமைக்குச் சொல்லவில்லை, சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் வழியில், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது அது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியிருக்கவில்லை. 1923இல் பொதுச் சட்டம் நாட்டின் மற்றப் பெண்கள் பலருக்கு இந்த விலங்கை அவிழ்த்தபோதும், தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு அவிழ்க்கவில்லை.

இத்தனைக்கும் யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்கள் இருப்பது மனைவியின் சீதன வீட்டில். பெண்ணின் வளவுக்குள் வந்து குடியிருப்பவர் அந்த வளவுக்கே பொறுப்பாளர் ஆகிவிடுகிறார்.

"பெண்ணை யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்றுதான் கணவனின் கையெழுத்து" என்பார்கள். சரி, ஏமாறுவது பெண் மட்டுமா? குடித்தும் சூதாடியும் காணி தொலைத்த ஆண்கள் நம் ஊரில் இல்லையா? இருவரும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்ய வேண்டுமென்றால் அது காப்பு. ஒருத்தி மட்டும் கேட்க வேண்டுமென்றால் அது கட்டு.

கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம் என்றும் சட்டம் வழி சொன்னது. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவள், தன் பெற்றோர் தந்த காணியை விற்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கைக்கு இருந்த அதிகாரம், கஞ்சி காய்ச்சிய கைக்கு இல்லை.

அண்ணாவை வெளிநாடு அனுப்ப அம்மா தன் சீதனக் காணியை விற்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. நொத்தாரிசு உறுதியை அப்பா பக்கம் தள்ளினார். ஒப்பமிட்டுவிட்டு வெளியே வந்த அப்பா, "உன்ர காணிக்கு நான் ஏனப்பா கையெழுத்து வைக்கிறது? எனக்கு வெக்கமாயிருக்கு" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் நாவற்குழிக் கதையைச் சொல்லும் போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்வார்.

சட்டப் புத்தகம் என்ன சொன்னாலும், அந்த வெட்கத்துக்காக எந்தக் கணவரும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் காவல் நிற்கத் தயாரானவரே, மனைவியின் உரிமைக்கும் காவல் நிற்பீரா? அவள் சொத்துக்கும் சொல்லுக்கும் அவள் கையெழுத்தே போதும் என்று ஊரறியச் சொல்வீரா? சொன்னால், உம்மைக் காட்டி "என்ர மனுசன்" என்று அவள் பெருமைப்படுவதில் கடன் இருக்காது. நன்றி மட்டுமே இருக்கும்.