ஒரு ராக்கியும் பழைய கடனும்

2002-ஆம் ஆண்டு ரக்ஷா பந்தன் நாள். இந்தூர் சிறையில் ஆயுள் கைதி ஒருவர் வலக்கையை நீட்டுகிறார். துறவற உடையில் எதிரே நிற்கும் மலையாளிப் பெண் அந்த மணிக்கட்டில் ராக்கியைச் சுற்றி முடிச்சுப் போடுகிறார். உடன்பிறந்தவனுக்குச் சகோதரி கட்டும் கயிறு அது. கட்டியவர் அருட்சகோதரி செல்மி பால். கட்டிக்கொண்டவர் சமந்தர் சிங், ஏழு ஆண்டுகளுக்கு முன் செல்மியின் அக்காவைக் கொன்றவர்.

அக்கா ராணி மரியா கேரளத்தின் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். உதய்நகர்ப் பக்கத்து ஏழை விவசாயிகள் விதை வாங்கக்கூடப் பண்ணையார்களிடம் கடன்பட்டு, விளைந்ததை வட்டிக்கே அளந்துகொண்டிருந்த காலம் அது. ராணி மரியா அவர்களை வங்கிப் படியேற வைத்தார்; குழுவாகச் சேர்ந்து நிற்கப் பழக்கினார். வட்டியில் வாழ்ந்தவர்களுக்கு இது பொறுக்குமா? 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கவே, பண்ணையார் தரப்பின் தூண்டுதலில் சமந்தர் சிங் அவரைக் கத்தியால் குத்தினார். உடம்பில் 54 காயங்கள். வயது 41.

தமிழ்ப் புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில் பாவத்துக்கு வழங்கும் சொல் ‘கடன்’. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். கடனைத் தள்ளுபடி செய்தால் நஷ்டம் யாருக்கு? கொடுத்தவருக்கு. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கங்கள் பலவும் மன்னிப்பவருக்குக் கிடைக்கும் நிம்மதியோடு நின்றுவிடுகின்றன. அவர் கையைவிட்டுப் போவதைப் பேசுவது குறைவு. கல்யாண வீட்டில் பங்காளியைப் பார்த்து ஒப்புக்குச் சிரித்து வைப்பதும், “சரி, போகட்டும்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தள்ளுபடியில் சேராது. பேரேட்டில் வாராக்கடன் என்று எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். என்றைக்கு வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டலாம்.

சிறைக்குப் போன சமந்தர் சிங்கின் மனமும் ஒரு பேரேடாகத்தான் இருந்தது. தன்னைத் தூண்டிவிட்டவரைப் பழிதீர்க்க வேண்டும் என்ற வெறியோடு நாளை எண்ணிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். காவியுடுத்திய கத்தோலிக்கக் குரு சுவாமி சதானந்த் அவரைச் சிறையில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அந்த ராக்கிக்குப் பின்னால் இப்படிப் பல சிறைச் சந்திப்புகள் இருக்கின்றன.

இறந்தவர் சார்பில் மன்னிக்கத் தங்கைக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ராணி மரியாவின் உயிர்க்கணக்கைத் தீர்க்க செல்மியால் முடியாது. ஆனால் அக்காவை இழந்தவர் என்ற வகையில் கொலையாளியிடம் அவருக்கும் ஒரு பாக்கி இருந்தது. அதைத் தள்ள அவரைத் தவிர வேறு யாராலும் முடியாது.

சட்டத்தின் கணக்கு வேறு. ஒடிசாவில் 1999 ஜனவரியில் தொழுநோயாளர் பணியில் இருந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய சின்னஞ்சிறு மகன்கள் இருவரும் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளாடிஸின் மன்னிப்பால் வழக்கு நிற்கவில்லை, தண்டனையால் அவர் மன்னிப்பும் குறையவில்லை. ராணி மரியாவின் குடும்பம் இன்னும் ஓரடி கூடுதலாக வைத்தது: சமந்தர் சிங்கை விடுவிக்கச் சொல்லி அவர்களே மனுப்போட்டார்கள். 2006-இல் அவர் வெளியே வந்தார்.

வந்தவர் புல்லுவழிக்குப் போனார், ராணி மரியாவின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்க. அந்த வாசலில் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்! வயதான தாய் அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தன் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதுதான் காரணம்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. திரண்டிருந்த கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார்.