முத்திரை பெற்றவர்கள்

விழுப்புரமும் திண்டிவனமும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பகுதிகள். புனித வாரத்தில் பேராயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா எண்ணெய் இவ்வூர்களின் பங்குகளுக்கும் வருகிறது. ஒலிவ எண்ணெயும் நறுமணத் தைலமும் சேர்ந்தது அது. உறுதிப்பூசுதல் என்னும் அருளடையாளத்தில் அந்த எண்ணெயால் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்படும்போது, திருமுழுக்கில் தொடங்கிய அருள் வலுப்பெறுகிறது.

பெந்தகோஸ்து நாளில் திருத்தூதர்களை மக்கள்முன் துணிந்து பேசவைத்த தூய ஆவியாரையே நாமும் பெறுகிறோம். ஞானம், மெய்யுணர்வு, அறிவுரைத்திறன், ஆற்றல், நுண்மதி, இறைப்பற்று, இறையச்சம் என்னும் ஏழு கொடைகளும் நம்முள் வளர்கின்றன. உறுதிப்பூசுதலில் நாம் பெறும் இந்த முத்திரை அழியாதது. ஆகவே வாழ்வில் ஒரேமுறைதான் இந்த அருளடையாளம்.

உறுதிப்பூசுதல் பெறும் நாளோடு மறைக்கல்வி வகுப்பு முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் பொறுப்பு அன்றுதான் தொடங்குகிறது. நண்பர்கள் தவறுக்கு அழைக்கும்போது மறுக்க ஆற்றல் வேண்டும். படிப்பையும் வேலையையும் தேர்ந்தெடுக்க அறிவுரைத்திறன் வேண்டும். சாதியின் பெயரால் ஒருவர் ஒதுக்கப்படும்போது அவர் பக்கம் நிற்கத் துணிவு வேண்டும்.

பெற்றோரே, ஞானப்பெற்றோரே! புத்தாடையும் விருந்தும் ஒருநாளோடு போகும். பிள்ளைகளோடு சேர்ந்து தினமும் தூய ஆவியாரிடம் மன்றாடுங்கள். அவர்களுக்கு முன்மாதிரியாக வாழுங்கள்.