ஒப்புக்குச் சப்பாணி

கிளித்தட்டில் புதிதாக இறங்கும் சிறு பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வது தமிழ்ச் சிறுவர் மரபு. பெயர் கொடிதுதான்! ஆயினும் கோடு காப்போர் தொட்டால் அவன் வெளியேற வேண்டுவதில்லை. கிளி நடுக்கோட்டிலும் பாயும், மற்றையோர் தத்தம் குறுக்குக்கோட்டை விட்டு அகலார் என்பதை அவனுக்கு எவரும் உபதேசிப்பதில்லை. ஓடி ஓடியே அறிகிறான். தட்டு முழுவதும் கடந்து மீளும் வழியும் அவ்வாறே புலனாகிறது.

இது வெறுங் கருணையன்று. தொடப்பட்டும் தோற்காதவனாக நெடுநாள் நிற்பது இழிவன்றோ? ஒருநாள் அவனே, “என்னையும் கணக்கில எடுங்கோ” என்கிறான். அந்த வேளையைத் தேரும் உரிமையையே நாம் மதிக்கிறோம்.

1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி பள்ளிக் கதவைத் திறந்தது. ஆனால் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி, கண்டாவளையின் பத்து வயதுப் பிள்ளையை அவன் கேளாமலே எண்ணிவிடுகிறது. அங்கே இரண்டாம் ஆட்டம் இல்லை.