அணியத்தில் எழுதிய பெயர்

அல்லைப்பிட்டிக் கரையின் மண்ணிலிருந்து சீன நாட்டுச் சொங் அரசமரபுக் காலத்து மட்பாண்டச் சிதைவுகள் வெளிப்பட்டன. 1977 அளவில் ஜோன் கார்ஸ்வெல் அவற்றை ஆராய்ந்தார். பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பது ஆய்வாளர் முடிபு. பாண்டங்கள் எஞ்சின, அவற்றைச் சுமந்துவந்த மரக்கலத்தின் பெயர் எஞ்சவில்லை. அண்மையிலுள்ள நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, ஏனைய மூன்று கூறு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி என அது விதிக்கின்றது. கலம் உடையும் என்பதை அரசன் அறிந்திருந்தான். அதற்கு அவன் கண்ட வழி சட்டம். கடலோடி கண்ட வழி பெயர்.

தீவகத்துக் கரைகளில் புதிய வள்ளம் நீரிறங்குவது வெறும் தொழிற்காரியமன்று. ஓடாவி வேலை முடித்துக் கையளித்ததும் நல்ல நாள் பார்க்கப்படும். சைவர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, அணியத்திலே சந்தனமும் குங்குமமும் இடுவர். கத்தோலிக்கர் குருவானவரை அழைத்துத் தீர்த்தம் தெளிப்பிப்பர். பெயர் பெரும்பாலும் அம்மனுடையதாகவோ மாதாவுடையதாகவோ அந்தோனியாருடையதாகவோ இருக்கும். சிலபோது வீட்டுப் பெண்பிள்ளையினுடையதாகவும் இருக்கும். இவ்வாறு எழுதப்பட்ட பெயர் கடலைத் தடுக்குமா என்பது எளிய வினா. இடும் பெயர் எவரை எதற்குக் கட்டுப்படுத்துகின்றது என்பதே கடினமான வினா.

எளியதை முதலிற் கழித்துவிடலாம். வைற் ஸ்ரார் நிறுவனத்தார் தம் கப்பல்களுக்குப் பெயர்சூட்டு விழா எடுக்கும் வழக்கமுடையவரல்லர். ரைற்றானிக் 1912இல் மூழ்கியதற்கு அதனையே காரணமாகச் சொன்னவர் உளர். அவ்வாறே விழாவின்றி நீரிறங்கிய ஒலிம்பிக் 1911 முதல் 1935 வரை அத்திலாந்திக்கைக் கடந்துகொண்டிருந்தது. மூழ்கியதை எண்ணுவோர் மூழ்காததை எண்ணுவதில்லை. மூடநம்பிக்கை வாழ்வது இக்கணக்குப் பிழையினாலேதான்.

ஆயின் எண்ணிக்கையில் நேரும் பிழை எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. பாடு குறைந்தால் யாரிலோ பழி விழவேண்டும். கடல் குற்றஞ்சாட்ட அகப்படாது, கரையிலிருப்பவர் அகப்படுவர். மங்கலக் காரியங்களின் முன்னிலையிலிருந்து கைம்பெண்ணை விலக்கிவைக்கும் வழக்கம் வள்ளம் தள்ளும் வேளையிலும் தலைகாட்டும். கடலிலே கணவனை இழந்தவள், அந்தக் கடலுக்கே மகனை அனுப்பும் நாளில் ஒதுங்கி நிற்கவேண்டுமாம்! அணியத்தில் தன் பெயரைத் தாங்கிய பெண்பிள்ளையின் இராசியையும் வலையில் விழும் மீனைக்கொண்டே அளப்பர். அச்சத்தைத் தணிக்க எழுந்த சடங்கு அவ்வச்சத்தை எளியவர் தலையில் இறக்கிவைக்கும்போது, அது அறியாமை என்ற நிலையைக் கடந்து அநீதியாகிவிடுகின்றது.

இதனால் பெயரிடுதலையே தள்ளிவிடுதல் தகுமா? மணிமேகலையின் பெயர்க் காரணம் ஈண்டு எண்ணத்தக்கது. கலம் உடைந்து கடலில் தவித்த முன்னோன் ஒருவனை மணிமேகலா தெய்வம் காத்தது; அதனை நினைந்து கோவலன் தன் மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரைச் சூட்டினான். அங்கே பெயர் வரப்போகும் காப்புக்கு முன்கூட்டிக் கொடுத்த விலையன்று. பெற்ற உதவிக்குச் சொன்ன நன்றி. ஒன்று பேரம், மற்றது நினைவு. ஒரே கரையில், ஒரே கற்பூரத்தின்முன், இவ்விரண்டும் கலந்தே நிற்கின்றன என்பதுதான் தீர்ப்புக் கூறுவோருக்கு இடர்.

பெயர் நினைவாயின் அது யாருக்குரியது? வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் புளோறன்ஸ் சீ. றொபின்சன் என மாற்றினார். பெயர் மாற்றினால் கேடு வரும் என்பது மேலைக் கடலோடிகளின் பழைய அச்சம். கேடொன்றும் வரவில்லை, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச்சென்று 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்ப்பித்தனர். வாங்கியவருக்குப் பெயரிடும் உரிமை இருந்தது. சட்டப்படி அதிற் குறையில்லை. எனினும் கட்டிய ஊரார் தலைமுறைகள் கடந்தும் அதனை அன்னபூரணி என்றே சொல்லுகின்றனர். விற்பனைச் சீட்டில் அடங்காத ஏதோ ஒன்று அப்பெயரில் இருந்திருக்கின்றது.

தீவகத்திலேயே இதனினும் கொடிய சோதனை ஒன்று நேர்ந்தது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் பலர் அதனுள்ளே வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்தனர் என உயிர்தப்பியோர் கூறினர். இராசி பார்ப்போரின் நியாயப்படி அதன்பின் அப்பெயர் அழிக்கப்பட்டிருக்க வேண்டும். படகே கைவிடப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் நிகழவில்லை. படகு கழுவப்பட்டது, பழுது பார்க்கப்பட்டது. பல்லாண்டுகள் அதே பெயருடன் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடியது. உறவினரை அதனுள்ளே இழந்தவர்களும், அரிசியும் மருந்தும் வாங்கிவர வேறு வழியின்றி, அப்பெயரை அறிந்தே அதில் ஏறி அமர்ந்தனர்.